சீப்பு முதல் ஸ்டீமர் வரை: பார்லர் சாமான்களைக் கழுவிப் பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

பார்லர் ஆரம்பித்த வருடம் என்னிடம் இருந்தது மூன்று சீப்பு, ஒரு ட்வீசர், ஒரு கத்தரி. அந்த வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மணப்பெண், தங்கை, அத்தை, சித்தி என்று ஏழு பேர் விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்குச் சீப்பை எடுத்தபோது, "அக்கா, இதுல முடி இருக்கே" என்றாள் அந்தப் பெண். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடை முழுக்கக் கேட்டது.

சீப்பைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கழுவிக் காயவைக்கும் வரை கையில் வேறு சீப்பு கிடையாது, அவ்வளவுதான். அதனால் கிருமி நீக்கும் மருந்து, மிஷின் என்று போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் எண்ணிக்கை

ஒரு ட்வீசர் கழுவி, மருந்தில் ஊறி, காய்ந்து திரும்பவும் கைக்கு வர அரை மணி நேரம் ஆகும். த்ரெட்டிங் ஒருவருக்குப் பத்து நிமிடம். அதாவது அந்த அரை மணியில் மூன்று பேர் வந்து போவார்கள். ஆகவே மூன்று ட்வீசர், உபரியாக ஒன்று, மொத்தம் நாலு. இது ஒரு நாற்காலிக்கு. சீப்பு ஒரு டஜன் வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. நகக் கத்தரி, கியூட்டிக்கிள் புஷர் (நக ஓரத் தோலைத் தள்ளும் கருவி), பிளாக்ஹெட் ரிமூவர் எல்லாம் மும்மூன்று. ஹேர் கலர் பிரஷ் நாலு, கிண்ணம் நாலு. புது ஃபேஷியல் மிஷினுக்குப் பணம் சேர்ப்பவர்கள், அதில் கொஞ்சத்தை முதலில் இதற்குச் செலவழிக்கலாம். சாமான் போதுமான அளவு இருந்தால், உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் "கழுவு, கழுவு" என்று கத்த வேண்டிய வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது பாதை. பயன்படுத்திய சாமான் ஒரே திசையில்தான் போக வேண்டும். சிவப்பு டப்பாவில் விழும், அங்கிருந்து சிங்க், பிறகு மருந்து ஜாடி, பிறகு துணி, கடைசியில் மூடி போட்ட பச்சை டப்பா. சிவப்பிலிருந்து நேராகப் பச்சைக்கு எதுவும் போகக் கூடாது. டப்பாக்களுக்கு நிறம் வைத்ததே, அவசரத்தில் யாரும் லேபிள் படிப்பதில்லை என்பதால்தான்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

பல கடைகளில் ட்வீசரை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்தவருக்கு எடுத்துவிடுகிறார்கள். அதில் இரண்டு தப்பு. எண்ணெய், கிரீம், தோல் துகள் ஒட்டியிருந்தால் மருந்து அதைத் தாண்டிக் கிருமியிடம் போகாது. இரண்டாவது, மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். ஒரு துடைப்பில் ஸ்பிரிட் சில விநாடிகளிலேயே ஆவியாகிவிடும்.

நான் செய்யும் வரிசை இது:

1. குழாய்த் தண்ணீரில் அலசி, சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். கத்தரி, நகவெட்டி இவற்றைத் திறந்து வைத்துத் தேயுங்கள். அழுக்கு தங்குவது ஆணி இருக்கும் மூட்டில்தான்.
2. நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். சொட்டச் சொட்ட மருந்தில் போட்டால் மருந்து நீர்த்துப்போகும்.
3. மருந்தில் முழுசாக மூழ்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாதி சுத்தமில்லை. பத்து நிமிடம், அல்லது லேபிளில் போட்டிருக்கும் நேரம்.
4. இடுக்கியால் எடுத்து (விரலால் அல்ல), தேவையானதை அலசி, சுத்தமான துணியில் முழுதாகக் காயவிட வேண்டும்.
5. மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் இத்தனையும் வீண். துருவும் பூஞ்சையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

எந்த மருந்து எதற்கு

சாதாரண உலோகச் சாமான்களுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், ஸ்பிரிட் என்று நான் சொல்வது இதைத்தான். 99 சதவீதம் இன்னும் வீரியமாக இருக்குமே என்று வாங்க வேண்டாம். கிருமியின் புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலோடு கொஞ்சம் தண்ணீரும் இருக்க வேண்டும், தனி ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகியும் விடும். ஜாடியை மூடியே வையுங்கள். வேக்ஸ் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் சரக்கு அது.

வெளிநாட்டு சலூன் படங்களில் சீப்புகள் மிதக்கும் நீல நிற ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். அது பார்பிசைடு. 1947-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மாரிஸ் கிங் என்பவர் கண்டுபிடித்தது. அந்த வகை மருந்து நம் ஊரிலும் கிடைக்கிறது. பிளாஸ்டிக் சீப்புக்கு நல்லது. கலக்கும் அளவு லேபிளில் இருக்கும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நடுவிலேயே கலங்கினால் உடனே கொட்டிவிட வேண்டும். நிறம் நீலமாக இருக்கிறதே என்று மூன்று நாள் ஓட்டினால் அது வெறும் நீலத் தண்ணீர்.

மூன்றாவது சோடியம் ஹைப்போகுளோரைட். பார்லரில் 'பிளீச்' என்றால் முகத்துக்குப் போடுவது என்றுதான் எல்லோரும் நினைப்போம். நான் சொல்வது தரை, துணிக்குப் பயன்படும் திரவம். இந்தப் பெயர்க் குழப்பத்துக்காகவே பாட்டில் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, கீழ் அலமாரியில் வையுங்கள். கடையில் வாங்குவது பெரும்பாலும் 4 அல்லது 5 சதவீதம் இருக்கும். பெடிக்யூர் டப், சிங்க், தரைக்கு லிட்டருக்கு 20 மி.லி. போதும். எங்காவது ரத்தம் பட்டிருந்தால் 100 மி.லி. மருந்துக்கு 900 மி.லி. தண்ணீர். கையுறை போட்டு, முதலில் டிஷ்யூவால் ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். இதையும் தினமும் புதிதாகத்தான் கலக்க வேண்டும். உலோகத்துக்கு ஆகாது, துருப்பிடித்துப் புள்ளி விழும். ஆசிட்டோடும் அம்மோனியா உள்ள எதனோடும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். டாய்லெட் ஆசிட்டும் இதுவும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

டெட்டால்? அதைத் தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டு, வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்று நம்பும் பழக்கம் நமக்கு உண்டு. வாசனை கஸ்டமருக்கு நிம்மதி தரும். கிருமி வாசனைக்குப் பயப்படாது.

தோலைக் கிழிக்கக்கூடிய, ரத்தம் படக்கூடிய சாமான்களுக்கு இவை எதுவும் முழுப் பதில் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். அதனால் பிளேடு, ஊசி எல்லாம் ஒருவருக்கு ஒன்று, அவர் கண் முன்னால் பிரித்தது. திரும்பப் பயன்படுத்தியே ஆக வேண்டிய உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்தான் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) சரி. 121 டிகிரி வெப்பம், 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். "வீட்டுக் குக்கரிலும் அதே சூடுதானே" என்று கேட்பார்கள். சூடு கிட்டத்தட்ட வரும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று முழுதும் வெளியேறியதா, அந்தச் சூடு அத்தனை நிமிடம் நின்றதா என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை. வெளியே எடுக்கும்போது சாமான் ஈரமாகவும் இருக்கும்.

ஊதா வெளிச்சம் எரியும் யு.வி. பெட்டி பல பார்லர்களில் 'ஸ்டெரிலைசர்' என்ற பெயரில் இருக்கிறது. என்னிடமும் ஒன்று உண்டு. ஒளி படும் மேற்பரப்பில் மட்டும்தான் அது வேலை செய்யும். ஒரு சீப்பின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்தால் அந்த இடம் தப்பிவிடும். கழுவி, மருந்தில் ஊறி, காய்ந்த சாமானைத் தூசி படாமல் வைக்கும் அலமாரியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

சீப்பு, பிரஷ்

முடியை முதலில் கையால் எடுத்துவிட்டு, வெந்நீரில் ஷாம்பு கலந்து ஊறவிடுங்கள். எண்ணெய்த் தலை அதிகம் வரும் ஊர் நமது. வெறும் தண்ணீரில் சீப்பின் பற்களுக்கு நடுவிலுள்ள கறுப்பு போகாது. ஷாம்பு தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா சேர்த்தால் பிரஷுக்கு வேலை குறையும். பேன் இருந்த தலை என்றால் 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் பத்து நிமிடம் தனியாக ஊற வேண்டும். அதைக் கஸ்டமர் எதிரில் முகம் சுளித்துக்கொண்டு செய்யாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான்.

மேக்கப் பிரஷ் கழுவியதும் முனை கீழே சாய்ந்தபடி காய வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பசை விட்டுவிடும், முடி உதிரும். மஸ்காராவுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் கழுவுகிற பேச்சே இல்லை. லிப்ஸ்டிக்கைச் சின்னக் கரண்டியால் சுரண்டித் தட்டில் எடுங்கள். மஸ்காராவுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பிரஷ்.

த்ரெட்டிங் நூலும் வேக்ஸும்

நம் ஊரில் த்ரெட்டிங் நூலின் ஒரு முனையை வாயில் கடித்துக்கொள்வது வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன். எச்சில் பட்ட நூல், அப்போதுதான் முடி பிடுங்கிச் சிவந்திருக்கும் தோலில் ஓடுகிறது. நூலைப் பின்கழுத்தில் மாட்டிச் செய்யும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கை தடுமாறும், அப்புறம் வேகம் வந்துவிடும். நூல் ஆளுக்குப் புதுசு. நூல்கண்டை மேசை மேல் திறந்து போடாமல், ஓட்டை போட்ட டப்பாவுக்குள் வைத்து இழுங்கள். எல்லோர் நெற்றியிலும் ஒற்றும் அந்த ஒரே பவுடர் பஃப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பஞ்சு வையுங்கள்.

வேக்ஸில் ஒரே விதிதான்: வேக்ஸ் தடவும் கட்டை தோலைத் தொட்டுவிட்டால் மறுபடி டப்பாவுக்குள் போகக் கூடாது. "சூட்டில் கிருமி செத்துவிடும்" என்பது வசதியான நம்பிக்கை. தோல் தாங்கும் சூடு கிருமியைக் கொல்லும் சூடு அல்ல. மரக்கட்டை கட்டுபடியாகாது என்றால், அந்தக் கஸ்டமருக்கு வேண்டிய அளவு வேக்ஸைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிடலாம்.

ஹீட்டரின் விளிம்பில் வழிந்து இறுகிய வேக்ஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தொட்ட டிஷ்யூவால் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். சர்க்கரை அல்லது தேன் வேக்ஸ் என்றால் வெந்நீர்த் துணியே போதும். தெர்மோஸ்டாட் குமிழைச் சுற்றி வேக்ஸ் இறங்கியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குமிழ் சிக்கிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

பெடிக்யூர் டப்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2000-ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வாட்ஸன்வில் என்ற ஊரில், ஒரு நகப் பார்லருக்குப் போன நூறு பேருக்கும் மேல் முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. சிலருக்கு ஆறுவதற்கு மாதக்கணக்கானது, தழும்பும் நின்றது. காரணம் சாதாரணக் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கக்கூடிய மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம் என்ற கிருமி. சுகாதாரத் துறையினர் வந்து, தண்ணீரைச் சுழலவைக்கும் அந்தக் கால் தொட்டிகளைத் திறந்து பார்த்தபோது, தண்ணீரை உறிஞ்சும் வலைத் தட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் அடை அடையாகச் சேர்ந்திருந்தன. கிருமிக்கு அங்கே சாப்பாடும் இடமும் கிடைத்துவிட்டது. வெளியே தொட்டி பளபளவென்றுதான் இருந்திருக்கும். பெடிக்யூருக்கு முன்னால் காலை ஷேவ் செய்துகொண்டு வந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்பதும் தெரியவந்தது. பிளேடு போட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்குமே.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை: குமிழி விடும் டப் எனக்கு வேண்டாம், சாதாரண பிளாஸ்டிக் டப்பே போதும். ஒவ்வொரு கஸ்டமருக்குப் பிறகும் தண்ணீரைக் கொட்டி, சோப்பால் தேய்த்து, அலசி, ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி அலசித் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு டப் இருந்தால் இது சுலபம். குமிழி டப்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், அதே மருந்துத் தண்ணீரை மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இரவில் வலைத் தட்டைக் கழற்றி, பின்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். ஷேவோ வேக்ஸோ செய்த அன்றே பெடிக்யூர் வேண்டும் என்று வருபவரிடம் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். காலில் புண் இருந்தால் அது டாக்டர் வேலை.

பியூமிக் கல், மரக்குச்சி, அட்டை ஃபைல் எதையும் கிருமி நீக்க முடியாது, துளைகளுக்குள் எல்லாம் தங்கிவிடும். கஸ்டமரிடமே கொடுத்தனுப்பலாம், இல்லையென்றால் குப்பைக்கு. உலோக ஃபைலை மற்ற உலோகச் சாமான்கள் போலவே கழுவி ஊறவைக்கலாம்.

ஸ்டீமரும் உப்புத் தண்ணீரும்

எங்கள் கடையில் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைக் கோடு போடும். அதையே ஸ்டீமரில் ஊற்றி ஒரு வருடம் ஓட்டினேன். ஒருநாள் ஃபேஷியல் நடுவே அது துப்பியது. ஆவியோடு கொதிநீர்த் துளிகள் வந்து, ஒரு துளி அந்த அம்மாவின் கன்னத்தில் பட்டது. நல்லவேளையாகச் சிவந்ததோடு போனது. உள்ளே பார்த்தால் ஹீட்டர் கம்பி தெரியவே இல்லை, அவ்வளவு உப்புக் காரை.

ஆகவே, காய்ச்சி வடித்த தண்ணீர், அது கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. கேன் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ரோஸ் வாட்டர், வேப்பிலைத் தண்ணீர், வாசனை எண்ணெய் எதுவும் தொட்டிக்குள் வேண்டாம், அவையும் துப்பவைக்கும். இரவில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திறந்து வையுங்கள். மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றி மிஷின் ஆறிய பிறகு, பாதி வெள்ளை வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். காரை இளகியதும் கொட்டி மூன்று முறை அலசி, நல்ல தண்ணீர் ஊற்றி, எதிரில் ஆள் இல்லாமல் புளிப்பு வாசனை போகும்வரை ஓடவிட வேண்டும். மிஷினோடு வந்த புத்தகத்தில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். தலை கழுவும் இடத்து ஷவர் முனை அடைத்துக்கொண்டாலும் இதே வைத்தியம்தான்: வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை முனையில் கட்டி ஒரு இரவு விட்டால் துளைகள் திறக்கும்.

மற்ற மின்சாதனங்கள்

டிரையரின் பின்பக்க வலையில் தூசியும் முடியும் அடைத்தால் காற்று குறையும், மோட்டார் சூடாகும், கருகல் வாசனை வரும். வாரம் ஒருமுறை வலையைக் கழற்றி டூத்பிரஷால் தட்டினால் போதும். டிரையரும் ஸ்ட்ரெய்ட்னரும் ரிப்பேருக்குப் போவது பெரும்பாலும் ஒயரால்தான். உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்தால், ஒயர் உள்ளே நுழையும் கழுத்தில் முறிந்துவிடும். தளர்வான வளையமாகச் சுற்றி மாட்டுங்கள்.

ஸ்ட்ரெய்ட்னர் தகட்டில் சீரம் கருகிப் பழுப்பாகப் படியும். அது முடியைப் பிடித்து இழுக்கும். பிளக்கை எடுத்து, தகடு வெதுவெதுப்புக்கு இறங்கிய பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பட்டால் செராமிக் பூச்சு போய்விடும்.

டிரிம்மர் பிளேடைக் கழற்றி, முடியைத் தட்டி, ஸ்பிரிட்டில் கிருமி நீக்கிக் காய்ந்த பிறகு, மிஷினோடு வந்த எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பத்து விநாடி ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். தையல் மிஷின் எண்ணெயும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர்ப் பழக்கம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஏசி அறையில் டிரிம்மர் முனகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹை ஃப்ரீக்வென்சி மிஷினின் கண்ணாடிக் குழாயைக் கழற்றிய பிறகே துடையுங்கள், உலோக முனையை நனைக்காதீர்கள். ஸ்பிரிட் முழுசாகக் காய்ந்த பிறகுதான் மாட்டிப் போட வேண்டும். பொறி பறக்கும் கருவி அது. ஸ்பிரிட்டோ ஆல்கஹால் டோனரோ ஈரமாக இருக்கும் முகத்திலும் ஓட்டக் கூடாது.

ஈரக் கையும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் தொழில் இது. எர்த் இருக்கும் மூன்று பின் பிளக், மெயினில் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் கருவி) இரண்டும் கட்டாயம். ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கலர் கிண்ணம், துண்டு, நாற்காலி

ஹேர் கலர் கிண்ணத்தையும் பிரஷையும் காய்வதற்குள் கழுவினால் ஒரு நிமிட வேலை, காய்ந்தால் ஒரு மணி நேர வேலை. உலோகக் கிண்ணம் வேண்டாம். கலரோடு கலக்கும் டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, அது உலோகத்தோடு வினைபுரியும். கலந்து மிஞ்சியதை நாளைக்கு ஆகுமே என்று இறுக மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

துண்டு ஆளுக்கு ஒன்று. கலர் துண்டுகளைக் கறுப்பு நிறத்தில் வாங்கித் தனியாகத் துவையுங்கள். மற்றவை 60 டிகிரி வெந்நீரில். வெயில் நம் ஊரில் இலவசம், அதில் நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் சிக்கல். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு டஜன் துண்டு கூடுதலாக வைத்துக்கொள்கிறேன். அரைகுறையாகக் காய்ந்த துண்டின் வாடை எந்த வாசனைத் திரவியத்துக்கும் அடங்காது.

நாற்காலி ரெக்ஸினை ஸ்பிரிட்டால் தினமும் துடைத்தால் ஆறே மாதத்தில் வெடிக்கத் தொடங்கும், வெடிப்புக்குள் முடியும் அழுக்கும் போகும். மிதமான சோப்புத் தண்ணீர்த் துணி, பிறகு உலர்ந்த துணி, அவ்வளவு போதும். தலையும் கழுத்தும் படும் இடத்தில் மட்டும் ஆளுக்கொரு டிஸ்போசபிள் விரிப்பு. சக்கரத்தில் சுற்றிய முடியை மாதம் ஒருமுறை கத்தரித்து எடுங்கள். நாற்காலி தானாக இறங்கினால் ஹைட்ராலிக் பம்பில் எண்ணெய் கசிகிறதா என்று அடியில் பாருங்கள். அதை நீங்களே திறக்க வேண்டாம்.

கடைசியாக, பயன்படுத்திய பிளேடு. அதை நேராகக் குப்பைக் கூடையில் போட்டால், காலையில் கூடையை எடுக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் கிழிக்கும். பழைய பால் பவுடர் டின் மூடியில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, பிளேடை அதற்குள் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதி, கையில் கொடுத்துச் சொல்லி அனுப்புங்கள்.